பதினேழாவது பொட்டு

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க வேண்டியவை இருபத்துமூன்று. நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டில்தான் அந்த எண்ணிக்கை முதன்முதலாக எடுக்கப்பட்டது, எடுத்தது நான். அதற்கு முன் யாரும் எண்ணியதில்லை. சந்தனக் கிண்ணத்தோடு ஒரு மூலையில் தொடங்கி மறு மூலையில் முடிப்பார்கள். அந்த முறையின் குறை முந்தைய ஆண்டு தெரிந்துபோயிற்று. துளை போடும் மெஷினுக்குப் பொட்டு விட்டுப்போய், அடுத்த வாரமே அதன் பெல்ட் அறுந்தது. "கோவிச்சுக்கிச்சாட்ட இருக்குது" என்று அப்பா விளையாட்டாகச் சொன்னார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே பூஜையன்று கோடு போட்ட நோட்டில் ஒன்று முதல் இருபத்துமூன்று வரை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் டிக் போட ஒரு கட்டம் வரைந்து வைத்தேன். ஒன்று, பெரிய லேத். இரண்டு, சின்ன லேத். மூன்று, கம்ப்யூட்டர் லேத். இப்படியே போய் இருபத்துமூன்றில் அப்பாவின் ஸ்கூட்டர். நான் சொல்லப்போவது பதினேழைப் பற்றி.

பட்டறை கணபதி என்னும் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. பம்பு மோட்டாருக்குள் சுழலும் ஷாஃப்ட்டுகளை அப்பா கடைந்து கொடுப்பார். இரும்புத் தண்டை எந்த இடத்தில் எவ்வளவு சீவ வேண்டும் என்று எண்களாக எழுதிக் கொடுத்துவிட்டால், கம்ப்யூட்டர் லேத் தானே சீவிக்கொள்ளும். அந்த எண்களின் கோவைக்குப் புரோகிராம் என்று பெயர். லேத்துக்கு ஞாபகம் குறைவு. ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் அதன் தலையில் நிற்கும். மற்றவையெல்லாம் பக்கத்து மேசையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. என்னைவிட மூத்த கம்ப்யூட்டர் அது. அதற்குள் இருந்த ஒரே டிஸ்க்கில் நூற்று நாற்பத்தொரு புரோகிராம்கள். காகிதத்தில் ஒன்றுகூட இல்லை.

அந்த டிஸ்க் பூஜைக்குச் சில நாள் முன்பிலிருந்து டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. மாமாவுக்குச் சொல்லியனுப்பினார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. உக்கடம் பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பூட்டும் வேலை அவருக்கு. ஆயுத பூஜை அன்று காலையிலேயே ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார்.

டின்னுக்குள் பிஸ்கட் இல்லை, அடாப்டர்கள் இருந்தன. மாமா அவற்றை மேசையில் ஒரு துணி விரித்துப் பரப்பி எனக்கு அறிமுகம் செய்துவைத்தார். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது, கேபிள் மாட்டும் பக்கத்தில் நாற்பது ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் டிஸ்க். அவர் கொண்டுவந்திருந்த லேப்டாப் டிஸ்க்குக்கு நாற்பத்துநாலு ஊசி, அதுவும் மெலிந்தவை. ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் தூக்கிப்போட்ட கேமராவிலிருந்து எடுத்துவந்த சின்ன மெமரி கார்டில் ஐம்பது துளை. இந்த மூன்றும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாது. நடுவில் ஒருவர் உட்கார்ந்து இந்த வீட்டுப் பேச்சை அந்த வீட்டுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

"கல்யாணத் தரகராட்டத்தான் கண்ணு" என்றார் மாமா.

டம்ளரில் காபி கொண்டுவந்த அம்மா, "ஊர்ல இருக்கற டிஸ்குக்கெல்லாம் ஜோடி தேடு. உனக்கு ஒண்ணத் தேடிக்காத" என்றாள். மாமாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

முதலில் லேப்டாப் டிஸ்க்கை மாட்டிப் பார்த்தார். அது மிகப் பெரிய டிஸ்க். எங்கள் கம்ப்யூட்டர் அதன் அளவை எண்ணத் தொடங்கி, எண்ணி முடிக்கத் தெரியாமல் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. "பெரிய எடத்துச் சம்பந்தம் வேண்டாங்குது" என்று மாமா அதைக் கழற்றினார். பிறகு சின்ன மெமரி கார்டை ஓர் அடாப்டரில் செருகிக் காட்டினார். அதன் அளவு இதற்குப் பிடித்துப்போயிற்று. இனிப் பழைய டிஸ்க்கையும் கார்டையும் சேர்த்து மாட்டி நகல் எடுக்க வேண்டியதுதான். அதற்காகப் பழைய டிஸ்க்கைக் கழற்றி வெளியே எடுத்து வைத்தார்.

அந்த நேரத்தில் அப்பா குளித்துவிட்டு வந்தார்.

"போதும் மாப்ளை. நேரமாச்சு. எல்லாம் இனி படுக்கட்டும்."

"அரை மணி நேரம் குடுங்க மச்சான். காப்பி எடுத்துப்போடறேன்."

"ராகு காலம் வந்துருமுங்க. நாளைக்குப் பூஜை எடுத்துப்போட்டு மொதல் வேலையா அதையே பண்ணிக்கலாம். ஒரு நாள்ல எங்க போயிறப் போகுது?"

ஆயுத பூஜைக்குப் படைத்த பொருளை மறுநாள் விஜயதசமிப் பூஜை வரை தொடக் கூடாது. அது எங்கள் பட்டறையில் அசைக்க முடியாத சட்டம். மாமா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பாவின் ஈரத் தலையைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

என் வேலை தொடங்கியது. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், குங்குமம், நோட்டு, பென்சில். பதினான்காவதாகக் கம்ப்யூட்டர் பெட்டி, பதினைந்து திரை, பதினாறு கீபோர்டு. பதினேழு, துணிமேல் தனியாகப் படுத்திருந்த டிஸ்க். அதற்கு எந்தப் பக்கம் முகம் என்று யோசித்தேன். நான்கு பக்கமும் பார்த்ததில், ஊசிகள் வரிசையாக நின்ற பக்கம்தான் பல் தெரியச் சிரிக்கும் வாய் மாதிரி இருந்தது. அங்கேயே வைத்தேன். முந்தைய ஆண்டுக் கோபத்தை நினைத்துக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். பதினெட்டு முதல் இருபத்தொன்று வரை நான்கு அடாப்டர்கள். அவற்றின் வாயிலும் அதே போல. அடுத்து துளை போடும் மெஷின். பிறகு ஸ்கூட்டர். எல்லாக் கட்டத்திலும் டிக். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்ற நிம்மதியோடு பொரியும் கடலையும் தின்றேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜை முடிந்து, சாம்பிராணிப் புகை போவதற்குள் மாமா மேசையில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணு, அதுக மூஞ்சியெல்லாம் சித்த தொடச்சுக் குடு" என்றார். ஈரத் துணியால் டிஸ்க்கையும் அடாப்டர்களையும் பளிச்சென்று துடைத்துக் கொடுத்தேன். மாமா மாட்டினார். அப்பா தேங்காய் மூடியோடு பக்கத்தில் நின்றார். பச்சை எழுத்து ஒரே வரியில் பதில் சொன்னது: டிஸ்க் இல்லை.

மாமா பதறவில்லை. கேபிளைத் திருப்பி மாட்டினார். இல்லை. வேறு கேபிள். இல்லை. அடாப்டர் வழியாகத் தன் லேப்டாப்பில் மாட்டினார். அங்கும் இல்லை. என் நோட்டு கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "எழுதிக்கோ. எதை எதோட மாட்டுனோம், என்ன ஆச்சுன்னு" என்றார். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும். புதுப் பக்கத்தில் மூன்று கட்டம் வரைந்தேன். முதல் அடாப்டர், பழைய டிஸ்க், இல்லை. இரண்டாவது அடாப்டர், பழைய டிஸ்க், இல்லை. முதல் அடாப்டர், மெமரி கார்டு, நேற்று வந்தது, இன்று இல்லை. மாமா அந்த வரியை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

"நேத்துப் பேசுனவனும் இன்னைக்குப் பேச மாட்டீங்கறான்" என்றார்.

மதியத்துக்கு மேல் டவுனுக்குப் போய்ப் புது அடாப்டர் ஒன்று வாங்கிவந்தார். பழைய டிஸ்க்கில் செருகினார். புதியதும் பேசவில்லை. டிஸ்க் உள்ளே சுற்றும் சத்தம் கேட்டது. ஆனால் அதில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் அது சொல்லவில்லை.

அப்பாவின் முகம் அன்று சாயங்காலத்துக்குள் சிறுத்துப்போயிருந்தது. திங்கட்கிழமை ஒரு பம்பு கம்பெனிக்கு ஐம்பது ஷாஃப்ட் போக வேண்டும். அதை ஓட்டுவதற்கான புரோகிராம் அந்த டிஸ்க்கில் இருந்தது. அதோடு மற்ற நூற்று நாற்பதும். "அத்தனையும் போயிருச்சுன்னா அந்த லேத்த மூடி வெச்சுப்போட வேண்டியதுதான்" என்று மாமாவிடம் மெதுவாகச் சொன்னார். நான் அருகில் இருந்தேன். லேத்தை மூடி வைத்தால் அப்பா வருத்தப்படுவார் என்பது எனக்குப் புரிந்தது. அது அப்பாவின் லேத், அப்பாவின் கம்ப்யூட்டர், அப்பாவின் டிஸ்க். எனக்குத் தெரிந்த பட்டியலில் அப்படித்தான் இருந்தது.

அம்மா அந்த இரண்டு நாளும் வழக்கத்தைவிட அதிகமாகப் பட்டறை வாசலுக்கு வந்துபோனாள். காபி கொண்டுவருவாள், டம்ளரை எடுக்க வருவாள், எடுத்த பிறகும் வருவாள். "வந்துச்சாடா?" என்று தம்பியைக் கேட்பாள். "இல்லக்கா" என்பார் மாமா. "செரி" என்று போய்விடுவாள். ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டிருந்தாள். மாமா வந்திருக்கும் சந்தோஷத்தில் அப்படி ஆயிற்று என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை தண்ணீர் குடிக்கப் போனபோது, அடுப்படி மேடையில் நாள்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டு அம்மா எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடுவாள், உதடு அசையும், ஓர் எண் எழுதுவாள். மளிகைப் பட்டியல் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். துவரம்பருப்பும் இல்லை, சீரகமும் இல்லை. வெறும் எண்கள், அங்கங்கே ஆங்கில எழுத்து ஒன்றிரண்டு.

"என்னம்மா எழுதறீங்க?"

"ஒண்ணுமில்ல அம்மணி. மறந்துபோச்சான்னு பாக்கறேன்."

பட்டியலில் பொருளின் பெயர் இல்லாமல் அளவு மட்டும் எழுதினால் கடைக்காரருக்கு எப்படிப் புரியும் என்று சொல்லலாமா என யோசித்தேன். பெரியவர்களைத் திருத்தக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

என் நோட்டில் இருபத்தாறு முயற்சிகள் ஏறியிருந்தன. இருபத்தாறு இல்லைகள். அன்று பதினொரு மணி இருக்கும். மாமாவுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புதிதாக வாங்கிய அடாப்டரை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். இன்னொரு முறை மூச்சை இழுத்தார்.

"ஏனுங்க மச்சான், உங்க கம்ப்யூட்டரு மணக்குதுங்க."

"என்ன மணக்குது? கருகுன வாசமா?"

"இல்லைங்க. கோயில் வாசம்."

சாம்பிராணிப் புகை அடங்கி ஒரு நாள் ஆனதால்தான் அந்த வாசம் தனியாகத் தெரிந்திருக்கிறது. மாமா ஒரு குண்டூசியை எடுத்து டிஸ்க்கின் ஊசிகளுக்கு நடுவே அடிவரை விட்டு நெம்பினார். மஞ்சளாக ஒரு பொருக்கு பெயர்ந்து துணிமேல் விழுந்தது. பிறகு இன்னொன்று. பின் ஒரு சிவப்புத் துணுக்கு. நான் துடைத்தது மேலே இருந்ததை மட்டும். ஈரத் துணி மீதியைக் கரைத்து உள்ளே இறக்கி, அது அங்கே காய்ந்து இறுகியிருந்தது. டிஸ்க்கில் இருந்ததைத் தொட்டதும் புது அடாப்டரின் துளைகளும் அடைத்துக்கொண்டன. பழைய நான்கும் முன்பே ஆசீர்வதிக்கப்பட்டவை. நோட்டில் இருந்த இருபத்தாறு இல்லைகளுக்கும் ஒரே காரணம். அது அதே நோட்டில் இரண்டு பக்கம் முன்னால், டிக் போட்ட கட்டத்துக்குள் இருந்தது.

"யாரு இதுக்குள்ள சந்தனம் வெச்சது?" என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. அப்பா சத்தம் போடாமல் கேட்பதுதான் எங்களுக்குப் பயம்.

நான் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன். வாசலில் நின்ற அம்மா என்னைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க வெச்சேன்" என்றாள்.

அப்பா திரும்பினார். "நீயா? நீ போயி அதுல வெப்பியா?"

"கை வாக்குல வெச்சுப்போட்டேன். இப்ப என்னங்க, தொடச்சாப் போச்சு."

அப்பா நம்பவில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆனாலும் டிஸ்க்கை மாமா பக்கம் நகர்த்திவிட்டார். மாமா குனிந்து குண்டூசியைத் தேடுவதுபோல் இருந்தார். குண்டூசி அவர் கையில்தான் இருந்தது.

அம்மா உள்ளே போய்க் காயத்துக்குப் போடும் ஸ்பிரிட்டையும் என் டிராயிங் பிரஷ்களில் மிக மெல்லியதையும் எடுத்துவந்தாள். மாமா கை நீட்டினார். "உன்ற கைக்கு இது ஆகாது, அக்கட்டப் போ" என்று தானே உட்கார்ந்தாள். நாற்பது ஊசிகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஒரு வரிசையில் இருபது, இரண்டு வரிசை. பிறகு அடாப்டரின் துளைகள். முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரம் அம்மா எதற்கும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

காயவிட்டு மாட்டினார்கள். டிஸ்க் டக் டக் என்றது. பச்சை எழுத்து யோசித்தது. பிறகு டிஸ்க்கின் பெயரைச் சொன்னது; கீழேயே மெமரி கார்டின் பெயரையும் சொன்னது. அப்பா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மாமா மூச்சுக்கூட விடாமல் நகல் எடுக்கும் கட்டளையை அடித்தார்.

ஒவ்வொரு புரோகிராமும் கார்டுக்குப் போகும்போது அதன் பெயர் திரையில் ஒரு வரியாக வரும். நூற்று நாற்பத்தொன்றும் வருகிறதா என்று எண்ணும் வேலை எனக்கு. சத்தமாகப் படித்து, நோட்டில் கோடு போட்டேன். பெயர்கள் ஆங்கிலத்தில், எட்டு எழுத்துக்கு மேல் போகாமல் இருந்தன. எந்த ஊர் மோட்டார் கடைக்குக் கடைந்ததோ அந்த ஊரின் பெயர். தொண்டாமுத்தூர் எட்டெழுத்தில் அடங்காமல் 'தொண்டாமு' என்று பாதியில் நின்றிருந்தது. அகர வரிசையும் இல்லை, ஊர்கள் இருக்கும் திசை வரிசையும் இல்லை; எனக்குப் பிடிபடாத ஏதோ ஒரு வரிசையில் வந்துகொண்டிருந்தன.

"தொண்டாமு" என்று படித்தேன்.

"அடுத்தது பவானி ஒண்ணு" என்றாள் அம்மா, என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

அடுத்த வரி வந்தது. பவானி ஒன்று.

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா திரையைப் பார்க்கவில்லை; பிரஷைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். "பவானி ரெண்டு. அப்பறம் கோபி. அப்பறம் உக்கடம்" என்றாள். அப்படியே வந்தன. இது எனக்குத் தெரியாத ஒரு விளையாட்டு என்று நினைத்தேன். அம்மாவுக்கு இப்படியொரு வித்தை தெரியும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லையே என்றிருந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் நான் "அடுத்தது?" என்று கேட்க, அம்மா சொல்ல, திரை ஆமாம் என்றது. ஒரே ஒரு இடத்தில் தவறினாள். அவிநாசி என்றாள், வந்தது பல்லடம் மூன்று.

"தப்பு" என்றேன் வெற்றியோடு.

அம்மா ஒரு கணம் யோசித்தாள். "அந்த எடத்துல இருந்த அவிநாசிய அழிச்சுப்போட்டேன். பின்னால எழுதுனது வந்து அந்த எடத்துல உக்காந்துக்கிச்சு" என்றாள்.

தோற்றவர்கள் சொல்லும் சமாதானம் என்று அதையும் எழுதி வைத்தேன். நோட்டில் இன்னும் இருக்கிறது: அம்மா, தப்பு, ஒன்று.

நூற்று நாற்பத்தொன்றும் வந்து சேர்ந்தன. அன்று பிற்பகலே லேத் ஓடியது. திங்கட்கிழமை ஐம்பது ஷாஃப்ட்டும் போயின. அடுத்த முகூர்த்தத்திலேயே மாமாவுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். போகும்போது அம்மா, "அங்க வந்து அடாப்டர் கதையெல்லாம் சொல்லாத" என்று எச்சரித்ததும் நினைவிருக்கிறது. நான் பழைய பக்கத்தைத் திருப்பி, பதினேழாவது கட்டத்தில் என் டிக்கை அழித்துவிட்டு 'அம்மா' என்று எழுதினேன். அம்மாவே சொன்ன பிறகு அப்படி எழுதுவதுதான் சரி என்று தோன்றியது. மனம் லேசாகிவிட்டது. பாழாகப் பார்த்தது அப்பாவின் பொருள், அம்மா சொன்னால் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், அதனால் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் எனக்கு எட்டியது.

பொறியியல் கல்லூரி இரண்டாம் ஆண்டில், பழைய டிஸ்க்குகள் பெயர்களை எப்படி வைத்துக்கொள்கின்றன என்று ஒரு வகுப்பு நடந்தது. அவை எதையும் தாமாக அடுக்குவதில்லை. எழுதிய வரிசையிலேயே வைத்திருந்து, எழுதிய வரிசையிலேயே சொல்லும். நடுவில் ஒன்றை அழித்தால், அடுத்து எழுதப்படுவது அந்தக் காலி இடத்தில் போய் உட்காரும். ஆசிரியர் கரும்பலகையில் கட்டங்கள் வரைந்துகொண்டிருந்தார். எனக்கு அவிநாசியும் பல்லடமும் நினைவுக்கு வந்தன. அந்த வரிசையை ஒருவர் பார்க்காமல் சொல்ல வேண்டுமானால், அவர்தான் அதை எழுதியிருக்க வேண்டும்.

அந்த வாரம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன். மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, எல்லாம் நான் அடிச்சதுதான். கல்யாணத்துக்கு முன்னால ஒரு கம்பெனி டூல் ரூம்ல அதுதான வேலை. இங்க வந்து, நீ ஸ்கூலுக்குப் போன பொறகு ரெண்டு மணி வரைக்கும் அடிப்பேன். நீ வரதுக்குள்ள எந்திரிச்சு வந்துருவேன்."

"எனக்குத் தெரியவே தெரியாதும்மா."

"நீ கேக்கவே இல்லையே அம்மணி" என்றாள், குறையாக இல்லாமல், ஒரு தகவலாக.

அந்த மெமரி கார்டு இப்போது என்னிடம் இருக்கிறது. இன்றைய கணினியில் மாட்ட அதற்கும் ஓர் அடாப்டர் வேண்டும், வைத்திருக்கிறேன். புரோகிராம்களுக்குப் பக்கத்தில் எழுதிய தேதிகள் உண்டு. மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று ஒழுங்காக வந்து, ஒரு தை மாதத்தில் நின்று, நான்கு மாதம் கழித்துத் திரும்பத் தொடங்குகின்றன. நான் பிறந்தது தை மாதம்.

ஐம்பது ஷாஃப்ட் போன அந்தத் திங்கட்கிழமை, பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. மீதமிருந்த பொரியை இடைவேளைக்குத் தின்ன அம்மா ஒரு தாளில் மடித்துக் கொடுத்தாள். நாள்காட்டித் தாள். பின்பக்கம் முழுக்க எண்கள், கடைசி வரி வரைக்கும். ஐம்பது ஷாஃப்ட்டுக்கான அந்த ஒரு புரோகிராமை, டிஸ்க் வராமலே போனாலும் திங்கட்கிழமைக்குள் லேத் ஓடட்டும் என்று, கண்ணை மூடி மூடி நினைவிலிருந்து எடுத்து முடித்திருந்தாள். நான் வேப்பமரத்தடியில் பொரியைத் தின்றேன். உப்புக் கடலை நிறைய இருந்தது. தாளைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, மணியடிக்கும் முன் கை கழுவ ஓடினேன்.